அரை டம்ளர் வெந்நீர்

மேலகரம்,
ஐப்பசி 3

அன்புள்ள தம்பி விஜய்பாண்டிக்கு,

மதினி தங்கபுஷ்பம் எழுதுவது. மஸ்கட் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். லீவு முடிந்து நாளை அங்கு திரும்பும் மணிமுத்து கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் சங்கரேஸ்வரி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். என் தங்கை காதுபட இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

பிள்ளை குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள். நெற்றி உங்களைப் போலவே மேடு. சங்கரேஸ்வரி சுவரைப் பிடித்து நடக்கிறாள். வலது கைதான் அப்படியே தொங்குகிறது. சீசன் முடிந்ததால் ஐந்தருவியில் என் மங்குஸ்தான் கடையை எடுத்துவிட்டேன். முழு நேரமும் இவளோடுதான் இருக்கிறேன்.

முந்தாநாள் உங்கள் அம்மா போன் செய்தார்கள். உங்கள் தங்கை பொன்செல்விக்குக் கார்த்திகையில் பிரசவமாம், வாசுதேவநல்லூருக்கே கூட்டிவரப் போகிறார்களாம். "நீ செல்லங்கொடுத்து அவளுக்குத் தண்ணியக் குடுத்திருப்ப, அதான் தலையில நீர் கோத்துட்டு. எம்மவளுக்கு நான் அப்படி விடமாட்டேன்" என்றார்கள். சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

தம்பி, நான் தண்ணீர் கொடுக்கவே இல்லை.

பிள்ளை பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், பிள்ளைக்குச் சளி கட்டும் என்றுதானே நம் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். எங்களுக்கு அம்மா இல்லாத குறை தெரியக்கூடாது என்று நான் மற்றவர்களைவிட இறுக்கிப் பிடித்தேன். காலையில் அரை டம்ளர் வெந்நீர், சாயங்காலம் அரை டம்ளர். கடைப்பக்கம் போகும்போது குடத்தை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவேன். "யக்கா, நாக்கு ஒட்டுது, ஒரு வாய் தாயேன்" என்பாள். வெளியே சாரல் பெய்துகொண்டிருக்கும். ஒருநாள் பிள்ளையைத் துடைத்த ஈரத்துணியை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தாள். பிடுங்கி எறிந்து ஏசினேன். ஒன்பதாம் நாள் தலை வலிக்கிறது என்றாள். சுக்கு இழைத்துப் பற்றுப் போட்டேன். பதினோராம் நாள் வலிப்பு வந்தது.

திருநெல்வேலியில் டாக்டரம்மா ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னார். மூளைக்கு இரத்தம் வர ஒரு வழி, திரும்பிப் போக வேறு வழியாம். திரும்பும் இரத்தத்தை மூளையின் மேற்பரப்பில் படர்ந்திருக்கும் மெல்லிய குழாய்கள் திரட்டுமாம். அதில் பாதிக்கு மேல் உச்சந்தலைக்கு நேர்கீழே ஓடும் பெரிய குழாயில் போய்ச் சேர்ந்து, பிடரிப்பக்கம் வந்து கழுத்துக்கு இறங்குமாம். பிள்ளை பெற்றவளுக்கு இரத்தம் சீக்கிரம் உறையும், உடம்பில் நீரும் வற்றிவிட்டால் அந்தக் குழாய்களுக்குள்ளேயே கட்டிவிடும் என்றார். இவளுக்கு இடது பக்கக் குழாய்கள் அடைத்து, போக வழியில்லாத இரத்தம் பேச்சுக்கான இடத்தில் கசிந்துவிட்டது. தண்ணீர் நன்றாகக் குடித்தாளா என்று கேட்டார். குடித்தாள் என்று சொல்லிவிட்டேன். உங்களிடமும் அதையேதான் சொன்னேன். தண்ணீர் மட்டுமே காரணம் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லி என்னை நானே தேற்றிப் பார்த்தேன், முடியவில்லை.

இதைப் படித்ததும் முதல் வேலையாக அம்மாவுக்குப் போன் போடுங்கள். நடந்ததைச் சொல்லுங்கள், என் பேரைச் சொல்லியே சொல்லுங்கள். நம்பாவிட்டால் பொன்செல்வியைப் பார்க்கும் டாக்டரிடம் கேட்கட்டும். பிறகு என்னை என்ன வேண்டுமானாலும் ஏசுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்றாலும் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

இன்னொன்று. வீடியோவில் உங்களைப் பார்த்ததும் அவள் "தண்ணி, தண்ணி" என்கிறாள். நீங்களும் "மதினி, அவளுக்குத் தண்ணி குடுங்க" என்கிறீர்கள். அவளுக்குத் தாகமில்லை தம்பி. அவளுக்குத் திரும்பி வந்திருப்பது அந்த ஒரு சொல்தான். உங்களை அப்படித்தான் கூப்பிடுகிறாள். பிள்ளையையும் அப்படித்தான் கொஞ்சுகிறாள். என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு தடவையும் நான் டம்ளர் நிறையக் கொண்டுபோய் நிற்கிறேன். அவள் தலையை ஆட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

நீங்களும் பிள்ளையும் நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். பொன்செல்வி சுகமாகப் பெற்றெழ வேண்டும். அவள் கேட்கக் கேட்கக் கொடுக்கச் சொல்லுங்கள், தம்பி.

இனியும் அப்படிக் கூப்பிடுவீர்களானால்,
உங்கள் மதினி,
தங்கபுஷ்பம்