மஞ்சள் பனியன்

டெக்சாஸ்

மரியாதைக்குரிய அத்தைக்கு, உங்கள் மருமகள் எவுலாலியா வணங்கி எழுதுவது. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மலையில் சோளம் அறுத்தாயிற்றா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. இருக்கிற பணத்தில் ரோட்டை அகலப்படுத்துவதா, ஞாயிற்றுக்கிழமையும் பஸ் விடுவதா என்று நகர சபையில் கூட்டம் போட்டார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம். அந்தப் பஸ் இல்லாமல்தானே உங்கள் மகன், என் செலஸ்தீனோ, வேலைக்கு நடந்துபோய், கார் மோதி இறந்துபோனார்? அதைச் சொல்லத்தான் பெயர் கொடுத்தேன்.

உள்ளே ஒரே குளிர். வாசலில் மஞ்சள் பனியன் சும்மா கொடுத்தார்கள். வாங்கி மேலே மாட்டிக்கொண்டேன். மஞ்சள் பனியன் போட்டவர்கள் எல்லாம் எழுந்து கைதட்டியபோது நானும் எழுந்து தட்டினேன். பக்கத்து வீட்டு ஒஃபேலியா ஓடி வந்தாள்.

“அடிப்பாவி, நீ யாரு பக்கம்டி? பஸ் வேணாம், ரோடுதான் வேணும்னு அதுல இங்கிலீஷ்ல எழுதியிருக்கு!”

“குளிருதுன்னு போட்டேன்க்கா.”

“நல்லா போட்ட போ! உன்னையும் அவங்க கணக்குல சேத்துட்டாங்க.”

அப்போதுதான் என் பெயரைக் கூப்பிட்டார்கள். பனியனைக் கழற்றக்கூடக் கை வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். செலஸ்தீனோ என்ற பெயரை அங்கே யாரும் சொல்லவில்லை, அத்தை.

ஒரு கம்பளிச் சால்வை அனுப்புங்கள். அடுத்த மாதம் மறுபடி கூட்டம் இருக்கிறது. அதற்குள் என்னை நன்றாகத் திட்டி ஒரு கடிதமும் போடுங்கள். இங்கே என்னைத் திட்டக்கூட யாரும் இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது.

எவுலாலியா