ஸ்டெல்லா மாட்டிய மெமரி

14 செப்டம்பர் 2008, ஞாயிறு

கேம் விளையாடும்போது லேப்டாப் திணறுகிறது என்று புது மெமரி வாங்கி வந்து, இன்று நானே மாட்ட உட்கார்ந்தேன். உள்ளே போகவில்லை. அழுத்திக்கொண்டிருந்தபோது என் மனைவி ஸ்டெல்லா வந்து எட்டிப் பார்த்தாள். "உனக்கு இது புரியாது" என்றேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

"பேட்டரிய கழட்டாம இன்னாத்துக்கு அமுக்கிக்கினு இருக்கே?" என்றாள்.

பேட்டரியைக் கழற்றினாள். வளையல்களை உருவி வைத்துவிட்டு ஜன்னல் கம்பியை ஒரு முறை தொட்டாள். உடம்பில் இருக்கிற கரண்ட் மெமரி சிப்பைக் கெடுத்துவிடுமாம். கும்மிடிப்பூண்டியில் அவள் வேலை செய்யும் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அதற்கென்றே கையில் பட்டை கட்டிக்கொள்வார்களாம். மெமரியைத் திருப்பிப் பிடித்து, சாய்வாக நுழைத்து, இரண்டு கட்டைவிரலால் படுக்கவைத்தாள். டக்கென்று உட்கார்ந்தது. கல்யாணமாகி நான்கு வருடத்தில், அவள் கம்பெனி வேலை எப்படிப்பட்டது என்று இன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பேட்டரியைத் திரும்ப மாட்டி லேப்டாப்பை ஆன் செய்தேன். வெளிச்சம் வந்ததும் நான் மெமரி அளவைத் தேடினேன். அவள் அசையாமல் திரையையே பார்த்தாள்.

"அஞ்சு வருசமா போர்டுல மாட்டி மாட்டி அடுத்த ஆளுக்குத் தள்ளிக்கினு இருக்கேன். நான் மாட்டுனதுக்கு உசுரு வந்து இன்னிக்கிதான் பாக்குறேன்."

லேப்டாப்பை இன்னும் அணைக்கவில்லை.