கதவுக்குப் பின்னால் தொங்கிய சுத்தியல்

அன்புள்ள அப்பா,

அம்மா விழித்துவிடக் கூடாதென்று போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள்.

கடற்படையை விட்டுக் கப்பல் பரிசோதனை அதிகாரியாக ஆனதிலிருந்து, அந்தச் சின்னச் சுத்தியல் இல்லாமல் நீங்கள் துறைமுகம் போனதே இல்லை. தகட்டைத் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும், துருப்பிடித்த இடத்தில் சத்தம் செத்துவிடும் என்று எனக்குச் சொன்னதும் நீங்கள்தான். இன்று அது நாள் முழுக்கக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. சாயங்காலம் போனில், "பார்த்துட்டேன் சார், படகு ஜம்முனு இருக்கு, நாளைக்கே விடலாம்" என்றீர்கள்.

அந்தப் படகில்தான் நாளை எங்கள் வகுப்பு சுற்றுலா போகிறது. உங்களுக்கும் தெரியும்.

சாப்பிடும்போது என் முகத்தைப் பார்க்காமலே, "குட்டிமா, உனக்குக் காய்ச்சல்னு டீச்சர்கிட்ட சொல்லிடறேன்" என்றீர்கள்.

"எனக்குக் காய்ச்சலே இல்லையேப்பா."

"வரும்."

"கப்பல் பாக்குறவர் இப்ப ஜோசியமும் பாக்க ஆரம்பிச்சுட்டாரு" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவளுக்கு நீச்சல் தெரியாது. அவளுக்குக் காய்ச்சல் வரும் என்று சொல்ல அவளுடைய அப்பாவுக்குத் தெரியாது.

போனில் அப்படிச் சொல்லச் சொல்லி உங்களை யார் மிரட்டினார்கள் என்று நான் கேட்க மாட்டேன். நீங்கள் எழுவதற்குள் கிளம்பிவிடுவேன். எல்லாருக்கும் முன்னால் படகில் ஏறி உட்காருவேன். சுத்தியலை இந்தக் கடிதத்தோடு உங்கள் ஷூவுக்குள் செருகி வைத்திருக்கிறேன்.

எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது. படகு எட்டு மணிக்குப் புறப்படும். அதற்குள் வந்துவிடுங்கள் அப்பா.

உங்கள்
குட்டிமா