கலியபெருமாளுக்குக் கிடைத்த சீட்

அப்பா,

லீவுக்கு வந்திருக்கிறேன். இன்று காலை கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், வெளிநாட்டில் நான் படித்த கல்லூரியிலிருந்து ஒரு மெயில் வந்தது. 'அன்புள்ள கலியபெருமாள், எங்களோடு கழித்த மாணவப் பருவம் நினைவிருக்கிறதா?' எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட உங்களை, அதுவும் போன மாசியில் எங்களை விட்டுப் போன உங்களைக் கேட்கிறார்கள். பக்கத்து சீட்டுக்கார அம்மா பார்க்கப் பார்க்கச் சிரித்தேன், அழவும் செய்தேன்.

எல்லாம் அந்தக் கல்லூரி விண்ணப்பத்தால் வந்தது. குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது அது, இனிஷியலோடு சரி. வெறும் 'க' போட்டால் கம்ப்யூட்டர் ஏற்கவில்லை. நீங்கள்தான் தீர்ப்புச் சொன்னீர்கள்.

"எம் பேர முழுசா போடும்மா. துண்டு போட்டு சீட் புடிக்கிற மாதிரி இருக்கட்டும்."

இதே ரூட்டில் கண்டக்டராக இருந்த உங்களுக்கு வேறென்ன தோன்றும். அன்றோடு உமா என்று நான் ஒருத்தி இருப்பதையே கல்லூரிக்காரர்கள் மறந்துவிட்டார்கள். வந்த கடிதமெல்லாம் கலியபெருமாளுக்கு.

படிப்புச் செலவு முழுவதையும் கல்லூரியே ஏற்றால்தான் நான் போக முடியும். அதற்கு வீடியோவில் நேர்காணல். பெற்றோரும் உடனிருக்கலாம் என்றதால், காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். திரையில் வந்த அம்மாள் எடுத்ததுமே, கலியபெருமாள், எங்கள் கல்லூரிக்கு ஏன் வர விரும்புகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெயர் காதில் விழுந்ததும் விருட்டென்று எழுந்து நின்றீர்கள்.

"இன்னாம்மா கேக்குறாங்க?"

சொன்னேன்.

"நானா? நான் போயிட்டா வண்டிய யாரு பாக்குறது? ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் சீட் புடிச்சுக் குடுத்தாச்சு, எம் பொண்ணு மட்டும் நின்னுகிட்டே போவணுமான்னு கேளு."

போச்சு என்று நினைத்தேன். வேறு வழியில்லாமல் அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த அம்மாள் சிரித்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

முழு உதவியோடு இடம் கிடைத்தது. 'வாழ்த்துகள், கலியபெருமாள்.' அந்தத் தாளை பஸ்ஸில் ஏறியவர்களிடமெல்லாம் காட்டினீர்களாம்.

"எனக்கு காலேஜில சீட் குடுத்துட்டாங்க. டிப்போல லீவுதான் குடுக்க மாட்டேங்குறாங்க."

பட்டமளிப்பு மேடையில் என் பெயரை விழுங்கிவிட்டு, உங்கள் பெயரை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படித்தார்கள். நான் போய்ப் பட்டத்தை வாங்கிக்கொண்டேன்.

ரேஷன் கார்டில் உங்கள் பெயரை எடுத்தாயிற்று. இந்த மெயிலின் அடியிலும், பெயரை நீக்க இங்கே தொடவும் என்றிருந்தது. தொடவில்லை. அது நீங்கள் துண்டு போட்ட இடம், அப்பா. ஆயுசெல்லாம் நின்றுகொண்டே போனீர்கள். அங்கேயாவது உட்கார்ந்திருங்கள்.