பச்சை அடித்த பம்பு

ஹவுரா
12.8.2001

அன்பு மகள் தமயந்திக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். நான் இருக்கிறேன், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

அப்பாவின் பதினாறாம் நாளுக்கு நீ வந்திருந்தபோது சொல்ல வாய் வராததை இதில் எழுதுகிறேன். படித்ததும் போன் போடாதே, அழுதுவிடுவேன். போன வருஷம் துர்கா பூஜைக்கு முன்னால் எண்ணெய்க் குழாய் கசிந்து நம் ஆறு வீட்டு அடிபம்பில் மண்ணெண்ணெய் வாடை வந்தது இல்லையா, அப்போது அப்பாவின் ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எல்லா இடத்தையும் ஒரே சமயத்தில் தோண்டிச் சுத்தம் பண்ண முடியாதாம், எந்தத் தண்ணீர் வயிற்றுக்குள் போகிறதோ அந்த இடம் முதலில், துணி துவைக்கிற தண்ணீர் கடைசியில். குடிக்கிற பம்புக்குச் சிவப்புப் பெயின்ட், துவைக்கிறதுக்குப் பச்சை. எண்ணெய்க் குழாய் பார்க்கிற லைன்மேன் வீடு என்று என்னிடம்தான் கேட்டார்கள். துவைக்க மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். சொல்லிக்கொண்டே அந்தத் தண்ணீரில் போட்ட காபியை அவர்கள் கையில் கொடுத்தேன், வாடை தெரியாமல் இருக்க டிக்காஷனைத் தூக்கலாக விட்டிருந்தேன். காபி பிரமாதம் மாசிமா என்று சித்தி முறை கொண்டாடிக் குடித்துவிட்டுப் பச்சை அடித்துப் போனார்கள்.

கசிந்தது அப்பா தினமும் நடந்து பார்க்கிற மூன்று மைலுக்குள் தமயந்தி. ஜனங்கள் குடித்தார்கள் என்று எழுதிவிட்டால் லைன்மேன் மாரியப்பன் என்னத்தைப் பார்த்தான் என்று கேட்பார்களே, ரிட்டயராக ஒன்றரை வருஷம்தான் இருந்தது. சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். நாம மட்டும் ரோட்டுக் குழாய்க்குப் போனா மத்தவங்க ஏன்னு கேக்க மாட்டாங்களாட்டீ என்றார், அவ்வளவுதான். நாங்களும் அதையே குடித்தோம். பச்சை அடித்திருக்கிறதே, நல்ல தண்ணீர்தான் என்று மற்ற ஐந்து வீட்டிலும் குடித்தார்கள். பொங்கல் கழிந்து அப்பாவுக்கு ரத்தத்தில் கோளாறு என்றார்கள். தண்ணீராலா என்று டாக்டரைக் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றாரே, அது என்னைத் தூங்க விடவில்லை.

போன திங்கட்கிழமை பக்கத்து வீட்டு ரஞ்சனா, ஏழு மாதம் அவளுக்கு, பம்பில் குடம் வைத்து அடித்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்க் குடத்தைக் கவிழ்த்துவிட்டேன். புருஷன் போனதில் மாசிமாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவள் மாமியார் கத்தினாள். அப்படியே ஆபீசுக்குப் போய், அப்பாவுக்கு மேலதிகாரியாக இருந்த குருமூர்த்தி சாரிடம் நான் சொன்னது பொய் என்றேன். ஏன் சொன்னீர்கள் என்று கேட்டு, அப்பா பேரையும் சேர்த்துத்தான் எழுதிக்கொண்டார். எழுதட்டும். நேற்று பச்சைக்கு மேலே சிவப்பு அடித்து, பம்புக் கைப்பிடியைக் கழற்றிவிட்டார்கள். லாரியில் தண்ணீர் வருகிறது, நாளைக்குத் தோண்டுகிறார்களாம். மற்ற ஐந்து வீட்டிலும் யாரும் என்னோடு பேசவில்லை. ரஞ்சனாவுக்கு நல்லபடியாகப் பிறந்தால் போதும்.

அப்பாவின் ஷூவை எடுத்துப்போகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்து போய்விட்டாய், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நீ நூறு வயது இருக்க வேண்டும். யாராவது வந்து ஒன்று கேட்டால், புருஷனுக்காகக்கூடப் பொய் சொல்லாதே. இன்று லாரித் தண்ணீரில் காபி போட்டு அப்பா படத்துக்கு முன்னால் வைத்தேன். டிக்காஷன் கம்மியாகத்தான் விட்டேன்.

உன் அம்மா
மா. கோமதி