சுண்ணாம்பு தடவிய தகடு

அண்ணே,

இன்று காலை உங்கள் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளின் அடித்தகட்டைக் கழற்றிக் கழுவி, அடுப்படிச் சுவரில் சாய்த்து வைத்தார். எண்ணெயும் செம்மண்ணும் கலந்த வாடை வீடு முழுக்கப் பரவியது. ஓரமெல்லாம் துருப்பிடிக்கிறதாம், கறுப்புச் சாயம் அடிக்கப் போகிறாராம். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் இல்லாத அக்கறை இன்றைக்கு எதற்கு? எதை மறைக்கப் பார்க்கிறார்? சிரிக்காதீர்கள். இது உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட குணம்.

புந்தோங்கில் இருந்த நம் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க இவர் வந்த நாளை நினைத்துக்கொண்டேன். தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் டிரெஸர் வேலை, ஊர் ஊராய்ப் போய் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கிறவர், சொந்த மோட்டார் சைக்கிள் வேறு. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும் பிடித்திருந்தது. கதவிடுக்கில் பார்த்ததற்கே பிடித்துவிட்டது. நீங்கள் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள். நம் அப்பா, தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணி இனிக்க இனிக்கப் பேசிய பேச்சை நம்பி இந்த நாட்டுக்குக் கப்பல் ஏறியவர். அதனால் நன்றாகப் பேசுகிற எவரைக் கண்டாலும் உங்களுக்கு ஆகாது.

"வண்டிய எப்படி ஓட்டுவீங்க தம்பி?" என்று கேட்டீர்கள்.

"ஆமை மாதிரித்தான் அண்ணே."

நீங்கள் எழுந்து வெளியே போனீர்கள். வெள்ளை வேட்டியோடு மண்ணில் மல்லாக்கப் படுத்து, வண்டிக்கு அடியில் தலையை விட்டீர்கள். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டியவர் வண்டியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தோட்டத்துக் கல்லும் வேரும் எஞ்சினை உடைக்காமல் இருக்க அவர் போட்டிருந்த இரும்புத் தகடு அது. நடுவில் கல்லடி பட்ட பள்ளங்கள். அதை நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டு ஓரங்களும் தேய்ந்து பளபளத்தன. அதுதான் உங்கள் கண்ணில் பட்டது.

"மெதுவாப் போறவன் வண்டி ரோட்டை உரசுற அளவுக்கா சாயும்?" என்றீர்கள்.

"தகடு கொஞ்சம் தாழ்வா இருக்கு, அதான்" என்று அவர் இழுத்தார்.

அதை நீங்கள் நம்புவீர்களா? நேராக உள்ளே வந்து, மாப்பிள்ளை வீட்டாருக்கென்று வைத்திருந்த வெற்றிலைத் தட்டிலிருந்து சுண்ணாம்பை வழித்துக்கொண்டு போய்த் தகட்டின் ஓரங்களில் தடவினீர்கள். வேட்டியை மடித்துக் கட்டி, பின்னால் ஏறி உட்கார்ந்து, "கோப்பெங் வளைவு வரைக்கும் போயிட்டு வரலாம். ஆமை மாதிரியே ஓட்டுங்க" என்றீர்கள். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் அறைக்குள் உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் கல்யாணம் ஒரு விரல் சுண்ணாம்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது சுண்ணாம்பு அப்படியே இருந்தது. மெதுவாகப் போனால் உரசாது என்று தெரிந்துவிட்டது. அவர் சொன்னது பொய்.

"பாம்பு கடி, பிரசவம்னு ஆள் அனுப்புவாங்க அண்ணே. அப்ப ஆமை மாதிரி போனா ஆள் போயிடும்லா. வேகமா ஓட்டுறவன்னு தெரிஞ்சா பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்" என்று அவர் தலைகுனிந்து சொன்னார்.

"இதுவும் பொய்யா இருந்தா?" என்று அதற்கும் கேட்டீர்கள். ஆனாலும் தகட்டைக் கழற்றிக் காம்பாருக்கு, நீங்கள் வேலை பார்த்த ஈயச் சுரங்கப் பட்டறைக்கு எடுத்துப் போனீர்கள். வளைவில் தகடு தரையில் ஊன்றினால் சக்கரம் தூக்கிக்கொள்ளும், ஆளும் வண்டியும் பள்ளத்தில்தான் என்று அம்மாவுக்கு விளக்கினீர்கள். நடுப்பாகம் கல்லைத் தடுக்க அப்படியே இருந்தது. ஓரங்களை மட்டும் சாய்வாக அறுத்து, அரத்தால் தேய்த்து, கறுப்புச் சாயம் அடித்தீர்கள். மாட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்கள்.

"இனிமே சும்மா உரசாது தங்கச்சி. இந்தக் கறுப்பு போச்சுன்னா, ஒண்ணு எமனைத் துரத்தியிருப்பான், இல்ல எங்கயோ ஆட்டம் போட்டிருப்பான். நீதான் பாத்துக்கணும்."

சம்மதத்தை நீங்கள் அப்படித்தான் சொன்னீர்கள். கல்யாணத்துக்குப் பிறகும் விட்டீர்களா? வீட்டுக்கு வந்தால் முதலில் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் காப்பி. "உங்கண்ணன் எனக்கு வணக்கம் சொல்றதில்ல, தகட்டுக்குத்தான் சொல்றாரு" என்று இவர் பொருமுவார். மனசுக்குள் உங்கள் மேல் இவருக்கு ஒரு கடுப்பு உண்டு என்றே நினைத்திருந்தேன்.

அதனால்தான், காம்பாரில் நீங்கள் காய்ச்சலில் கிடந்த அன்று என் புத்தி அப்படிப் போனது. தாப்பாவுக்குப் போகும் லாரிக்காரரிடம் இவருக்குச் சொல்லியனுப்பிவிட்டு உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். ஊசியும் மருந்துமாக இவர் மழையில் வந்து இறங்கியபோது உங்கள் கை சில்லிட்டுவிட்டது. "முடிஞ்ச வேகத்துல வந்தேன்" என்றார். நான் நம்பவில்லை. வழியில் எங்கே நின்றார்? உங்களுக்குத்தானே என்று மெதுவாக வந்தாரா?

ஆண்கள் பாடைக்கு மூங்கில் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நான் வெளியே போய்ச் சேற்றில் மல்லாக்கப் படுத்தேன். துக்கத்தில் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று பெண்கள் ஓடிவந்தார்கள். நான் வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் உங்கள் கறுப்பு இல்லை, அண்ணே. நீங்கள் அறுத்துச் சாய்த்த அந்த ஓரங்கள்கூட இரும்பு வெள்ளையாகத் தெரியும்படி தேய்ந்திருந்தன. இடது ஓரம் மேலே மடங்கியிருந்தது. அந்த ஈர ரோட்டில் இன்னும் ஒரு வளைவு இருந்திருந்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து அழுதிருப்பேன். அங்கே படுத்தபடியேதான் எனக்கு அழுகை வந்தது.

இதை நான் இவரிடம் சொன்னதே இல்லை. இன்று சாய டப்பாவை இவர் கையிலிருந்து பிடுங்கி ஒளித்து வைத்தபோதுதான் சொன்னேன். "அந்த ஓரம் அப்படியே இருக்கட்டும். அன்னைக்கு நான் அடியில பாத்தேன்."

"தெரியும். முதுகெல்லாம் சேறு" என்றார்.

"அன்னைக்கே சண்டை போட்டுச் சொல்லியிருக்கலாம்லா, வேகமாத்தான் வந்தேன்னு?"

"சொன்னேனே. நம்புனியா?"

இல்லை, அண்ணே. நான் உங்கள் தங்கச்சி.