என் பங்கு ஆமென்

மார்ச் 4, செவ்வாய்

அவர் போய் நான்கு மாதம். மகன் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள். மூன்றாம் மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது. சொந்த வீட்டை விற்று, சாவியையும் கொடுத்தாயிற்று. வெறும் வளையம் மட்டும் என் பையில் கிடக்கிறது. எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

பேத்தி சிட்டு இந்த நோட்டைக் கொடுத்தாள். "தாத்தா ஞாபகம் வந்தா எழுது பாட்டி." அப்படிப் பார்த்தால் ஒரே நாளில் நோட்டு தீர்ந்துவிடும். "கையெழுத்து அச்சு மாதிரி இருக்கே!" என்றாள். இருக்காதா பின்னே? படித்தது ஐந்தாவதுதான். ஆனால் வகுப்புத் தலைவி நான்.

மார்ச் 6, வியாழன்

மாலை ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். "அம்மா, அப்பா இடத்துல நீங்க ஜெபம் பண்ணுங்க," என்றான் மகன். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். பொய்.

நாற்பத்து மூன்று வருடம் அவர் ஜெபித்தார், நான் ஆமென் சொன்னேன். அதுதான் எங்கள் ஏற்பாடு. அவர் பேருந்து ஓட்டுநர். ஜெபத்துக்கும் ஒரே வழித்தடம்தான். முதலில் நன்றி, பிறகு பிள்ளைகள், நோயாளிகள், சாலையில் போகிறவர்கள். ஒரு நிறுத்தத்தையும் விடமாட்டார். சாப்பாடு ஆறினால் முழங்காலால் ஓர் இடி இடிப்பேன். உடனே வண்டி கடைசி நிறுத்தத்துக்கு வந்துவிடும். நான் கணீரென்று ஆமென்.

இப்போது ஆமெனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நான் எங்கே போக? இதை மருமகளிடம் சொல்வேனா? செத்தாலும் மாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

மருமகள் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். கொப்பளித்தேன்.

மார்ச் 11, செவ்வாய்

ஐந்தாம் நாளாகக் கொப்பளிக்கிறேன். ஒரு பொய்க்கு இத்தனை உப்பா?

"இன்னும் சரியாகலையா அத்தை?"

"வயசான தொண்டைம்மா. மெதுவாத்தான் வழிக்கு வரும்."

துணி மடிக்கும்போது தனியாக முயன்று பார்த்தேன். "பரலோகப் பிதாவே" என்றதும் அவர் குரல்தான் காதில் கேட்டது. மேலே போக முடியவில்லை — அழுகை முட்டிக்கொண்டு வந்துடுச்சு. ஆண்டவரே, எனக்கு உம்மேல கோபமா? தெரியலையே.

மார்ச் 18, செவ்வாய்

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மருமகள் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். கொடுத்துக்கொண்டே சொன்னாள். மார்பில் கட்டி. நாளை மறுநாள் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்ப்பார்களாம். "சிட்டுக்குத் தெரிய வேணாம் அத்தை."

பிறகு பார்த்தால், ஒரே சட்டைக்கு ஏழு கிளிப்பு மாட்டியிருக்கிறேன்.

மார்ச் 20, வியாழன்

மருத்துவமனை. மகன் பணம் கட்டும் வரிசையில். நாங்கள் இருவரும் நாற்காலியில். அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டே பேர்.

"அத்தை, தொண்டை வலிச்சாலும் பரவால்ல. எனக்காக ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்க."

கண்ணை மூடினேன். அவர் வழித்தடத்தில்தான் புறப்பட்டேன். நன்றி என்றேன், எதற்கு என்று வாயில் வரவில்லை. பிள்ளைகள் என்றேன், அடுத்த நிறுத்தம் மறந்துபோயிற்று. வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பிறகு வந்ததைச் சொன்னேன்.

"ஆண்டவரே, அவர் இப்ப உங்ககிட்ட இருக்காரு. அதனால நான்தான் வந்திருக்கேன். எனக்கு இதெல்லாம் பழக்கமில்ல. இந்தப் பொண்ணு பயப்படுறா. நானும்தான். நீங்க பக்கத்துலயே இருங்க. எங்கயும் போயிடாதீங்க."

முடிக்கத் தெரியவில்லை.

"ஆமென்," என்றாள் மருமகள். கணீரென்று. எதிர்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உப்பு வேலை செஞ்சிருக்கு அத்தை," என்றாள்.

கள்ளி! எப்போதிலிருந்து தெரியுமோ?

மார்ச் 28, வெள்ளி

கட்டி கெட்டதுதான். சீக்கிரமே பார்த்துவிட்டோம் என்கிறார் டாக்டர். மகன் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தான்.

அன்றைக்குக் கேட்டேனே, கோபமா என்று. கோபம்தான். மாலையில் ஆண்டவரிடமே சொன்னேன். சொல்லும்போதுதான் தோன்றியது — வீடு மாறிற்று, தெரு மாறிற்று, கட்டிலில் ஒரு பக்கம் காலி. கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடம் மட்டும் மாறவில்லை. அங்கேயேதான் இருக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

ஏழு மணிக்கு மருமகளை அறுவை சிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பத்து நாற்பதுக்கு வெளியே. நன்றி என்றேன். எதற்கென்று தெரிந்தது.

மே 2, வெள்ளி

மகன் இந்த வீட்டுச் சாவி ஒன்று கொடுத்தான். பழைய வளையத்தில் மாட்டிக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

மருந்து ஏற்றியதில் மருமகளுக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. தலையில் என் பருத்தித் துண்டைக் கட்டியிருக்கிறாள். இன்னும் இரண்டு முறை ஏற்ற வேண்டும்.

மாலை ஜெபத்தில் நான் கொஞ்சம் நீட்டிவிட்டேன் போலிருக்கிறது. மருத்துவமனைத் தாதிகள், கீழ்வீட்டுக்காரர், தண்ணீர்த் தொட்டி கழுவ வருகிறவர், ஒருவரையும் விடவில்லை. அவருடைய கடைசி நிறுத்தமான 'சாலையில் போகிறவர்கள்' வரை வந்து சேர்ந்தபோது என் முழங்காலில் ஓர் இடி.

கண்ணைத் திறந்து பார்த்தேன். மருமகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒன்றும் அறியாதவள் போல இருந்தாள்.

சாப்பாடு ஆறுகிறதாம்.